மூலையில் நான் போட்ட கோடு

பி.யூ.சி. கணக்கில் மூன்றாம் முறையும் தோற்றால் கும்மிடிப்பூண்டியில் மூட்டை தூக்கும் வேலை என்று அப்பா முடிவு செய்திருந்தார். மிரட்டவில்லை. தொழிற்சாலையில் பேசி முடித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியபடியே களைப்பாகச் சொன்னார்.

நுண்கணிதத்தில் எனக்குப் புரிந்த ஒரே சங்கதி சாய்வுப் படம். ஒரு வண்டி போன தூரத்தை நேர்க்கோட்டுத் துண்டுகளாக வரைந்து கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் சாய்வையும் கண்டுபிடித்து, கீழே இன்னொரு படம் போட வேண்டும். ஏறுகிற துண்டுக்கு, அச்சுக்கு மேலே ஒரு படுக்கைக் கோடு. வண்டி நிற்கிற தட்டைத் துண்டுக்கு அச்சின்மீதே ஒரு கோடு. துண்டுகள் சேரும் மூலையில் சாய்வு என்று ஒன்று கிடையாது. அங்கே கோடுகளைச் சேர்க்காமல், முனைகளில் வெற்று வட்டம் போட்டு விட்டுவிட வேண்டும்.

ஆரம்பாக்கத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் கல்லூரிக்குப் போகையில் மடியில் நோட்டை வைத்து இதையே வரைவேன். எதிரே, தினமும் ஷிப்டுக்குப் போகும் ஃபிட்டர் அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, படிக்கட்டு கட்டிக்கினு கீற?"

"ரயிலோட வேகம்ணே. ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது."

"நடுவுல ஒட்டாம உட்டுட்டியே? ஓடுற வண்டி டபால்னு நின்னுடுமா? பிரேக்கு போட்டு, இழுத்துக்கினே போயில்ல நிக்கும்! இத்த படிக்கத்தான் மூணு வருசமா பேஜாரு பட்ற?"

பெட்டியே சிரித்தது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தினமும் ரயிலில் போகிறவனுக்குத் தெரியாததா பாடப்புத்தகத்துக்குத் தெரியும்?

தேர்வில் அதே கேள்வி, அதே ரயில். ஒவ்வொரு மூலையிலும் படிகளைச் சரிவான கோட்டால் இணைத்தேன். ஸ்கேல் வைத்து, அழகாக. பிரேக் சத்தம் கேட்காத குறைதான்.

முடிவு வந்தது. நான்கு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. அந்தக் கேள்விக்கு ஆறு.

அடுத்த வாரம் அதே பாசஞ்சர், அதே இருக்கை. மடியில் நோட்டுக்குப் பதில் டிபன் கேரியர். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் சிக்னலுக்கோ எதற்கோ வண்டி ஒரே குலுக்கலில் நின்றது. அண்ணன் கையிலிருந்த டீ முழுக்க என் புதுக் காக்கிச் சட்டையில்.

"பாத்தியா வாத்யாரே, டபால்னு நின்னுட்ச்சி!" என்றார், தானே கண்டுபிடித்தவர்போல.

"ஆமாண்ணே," என்றேன். துடைத்துக்கொள்ளக்கூட அலுப்பாக இருந்தது.