தண்ணீர் மேல் போட்ட பழி

எங்கள் பக்கம் முடி கொட்டினால் யாரும் டாக்டரிடம் ஓட மாட்டோம். போர் தண்ணியைத் திட்டுவோம். கல்யாணமாகி பீர்க்கன்கரணைக்கு வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். குழாயில் வெள்ளை படியும், துணி விறைக்கும், தலை சிக்கு விழும். எல்லாவற்றுக்கும் அந்த உப்புத் தண்ணிதான் காரணம். அதனால் என் மகளின் முடி தரையில் கிடக்க ஆரம்பித்தபோது நான் யோசிக்கவே இல்லை.

அவள் அப்போது இரண்டாம் தடவை நீட் எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சீட்டு கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏதோ ஒரு காலேஜில் சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் தாம்பரத்தில் கோச்சிங், வீட்டில் மேஜை, மறுபடி கோச்சிங் என்று கிடந்தாள். ஞாயிறுதோறும் டெஸ்ட். திங்கள் காலை என் போனில் 'டிங்' என்று மார்க் வந்து விழும். அதைப் படித்துவிட்டுத்தான் நான் காபி குடிப்பேன். மார்க் குறைந்திருந்தால் நானும் குடிக்க மாட்டேன், அவளையும் குடிக்க விடமாட்டேன்.

எனக்கு வாய் நீளம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "பிசிக்ஸ்ல என்னத்தடி கிழிச்ச?" என்பேன். "இந்த மார்க்குக்கு ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்கக்கூட நிக்க வைக்க மாட்டாங்க" என்பேன். ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவர், "விடேன், சாப்பிடட்டும்" என்பார். "நீங்க குடுத்த செல்லம்தான்" என்று அவருக்கும் விழும். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கை இட்லியில் இருக்கும். இன்னொரு கை காதுக்கு மேலே, முடிக்குள் இருக்கும். ஏதோ கணக்கு யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

தினமும் வீட்டைக் கூட்டுகிறவள் நான்தான். முடி எல்லாம் மேஜைக்கு அடியில்தான் கிடந்தது. பயாலஜி புத்தகத்தை உதறினால் அதிலிருந்தும் விழுந்தது. தண்ணியால் கொட்டுகிற முடி பாத்ரூமில் அல்லவா கிடக்க வேண்டும்? அது என் மண்டையில் உறைக்கவில்லை. குழாய்க்கு ஃபில்டர் மாட்டினேன். அப்புறம் வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கக் கேன் தண்ணியே கொடுக்க ஆரம்பித்தேன். மேல் வீட்டு அக்கா சிரித்தார். "குடிக்கிற தண்ணிய எடுத்துத் தலைக்கு ஊத்தறியா?"

"டாக்டராகப் போறவ மொட்டைத் தலையோடவா போவா அக்கா?" என்று நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் என் வாய் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். தண்ணியைக் காய்ச்சி, விளாவி, பாத்ரூம் வாசல் வரை நானே தூக்கிப் போய் வைப்பேன். ஆனால் எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் அவள் வர மாட்டாள். "நானே வெச்சுக்கறேம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். நடுவில் இருந்த வகிட்டை வலது பக்கம் தள்ளி, முடியை இடது பக்கம் வாரி, மூன்று கிளிப் குத்த ஆரம்பித்தாள். "படிக்கிற நேரத்துல ஸ்டைல் கேக்குதா உனக்கு?" என்று அதற்கும் திட்டினேன்.

பரீட்சை சென்டர் படப்பை தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் விழுந்திருந்தது. தோடு, சங்கிலி எல்லாம் வீட்டிலேயே கழட்டியாகிவிட்டது. கிளிப்பையும் கழட்டு என்றால், "அங்க போய்க் கழட்டறேன்" என்று ஒரே பிடிவாதம். மண்டை பிளக்கிற வெயில். கேட்டில் கயிறு கட்டி, கூட வந்த எங்களை நிறுத்திவிட்டார்கள். உள்ளே சோதனை போடுகிற பெண் மெஷினை அவள் தலைப்பக்கம் கொண்டுபோனதும் அது கத்தியது.

"கிளிப்ப கயட்டுமா."

என் மகள் கழட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கழட்டேன்டி! கேட்டை மூடப் போறாங்க!" என்று கத்தினேன். ஆமாம், கத்தினது நான்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று கிளிப்பும் வந்தது. முடி சரிந்தது. இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டு, சட்டென்று ஹால் டிக்கெட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். அவள் கையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

சோதனை போட்ட பெண் கிளிப்புகளைக் கொண்டுவந்து கயிற்றுக்கு மேலாக நீட்டினாள். "இந்தாமா. இன்னா ஆச்சு பொண்ணுக்கு?"

"உப்புத் தண்ணி" என்றேன். வாய்க்குப் பழகிவிட்டதே.

"தண்ணி ஒரே எடத்துலயா கொட்ட வெக்கும்? அது பிச்சிக்கினு கீதுமா. எங்க அக்கா பொண்ணும் இப்டித்தான் பிச்சிக்கினு இருந்துச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மாக்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கண்ணை மூடினேன். 'எப்படியாவது சீட்டு கிடைச்சிடணும்' என்றுதான் முதலில் வந்தது. சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அதுதான் முதலில் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கிளிப்புகளைக் கொடுத்தேன். அவள் குத்திக்கொள்ளவில்லை.

"எப்பலேருந்துடி?"

"போன தடவை ரிசல்ட் வந்ததுலேருந்து. ஒண்ணு பிடுங்கினா கொஞ்ச நேரம் பயம் நிக்கும். அப்புறம் இன்னொண்ணு."

"ஏன் சொல்லல?"

"நீதான் தண்ணின்னு சொன்னியே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு மட்டும்தாம்மா நீ மார்க் கேக்கமாட்ட."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

இப்போது தாம்பரத்தில் மனநல டாக்டர் ஒருவரிடம் போய் வருகிறோம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அவளே வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். விரலில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தில் மெதுவாகத் தேய்த்தேன். முளைக்கிற முடி சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. நான் மார்க் கேட்கவில்லை.

அப்போது போன் 'டிங்' என்றது. கேஸ் சிலிண்டர் புக் ஆன மெசேஜ். அது அவளுக்குத் தெரியாது. அவள் கை விருட்டென்று தலைக்குப் போனது. அங்கே என் விரல்கள் இருந்தன. அதில் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிடித்து இழுத்தாள், விடாமல் இழுத்தாள். வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.