மாமா வாசித்த ஜாஸ்

எங்கள் ஊரில் ஜாஸ் கச்சேரி நடக்கப்போகிறது என்று முதலில் ஊருக்குச் சொன்னது, குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஓர் ஆட்டோதான். பொங்கல் விளையாட்டு விழாவுக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்த ஆட்டோ அது. சாக்கு ஓட்டம், உறியடி, கோலப்போட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த அறிவிப்பாளர், "மாலை ஆறு மணிக்கு மாபெரும் ஜாஸ்" என்று முழங்கிவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் சாக்கு ஓட்டத்துக்கே போய்விட்டார்.

ஊருக்கு அதே பேச்சாகிவிட்டது. ஜாஸ் என்றால் மேஜிக் என்றார்கள் சிலர். பம்பாய்க்காரிகள் ஆடும் ஆட்டம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதால், இளவட்டங்கள் முன்வரிசைக்குத் துண்டு போட்டு வைத்தார்கள். அது மேல்நாட்டு வாத்திய இசை என்ற விவரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். வாசிக்கப்போவது என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா பம்பாயில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருந்தார். அங்கே சாயங்காலம் தோறும் ஜாஸ் வாசித்த குழுவோடு ஒட்டிக்கொண்டு சாக்ஸபோன் பழகியிருந்தார். அந்தப் பொங்கலுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து இறங்கினார். அம்மாவின் யோசனை வேறு. பசுவந்தனையில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். பெண்ணின் அப்பா விழாவுக்கு வருவதாக இருந்தது. தம்பியை மேடையில் பார்த்தால் சம்பந்தம் அன்றைக்கே முடிந்துவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விதத்தில் அப்படியேதான் ஆனது.

வீட்டில் வாசித்தால் எருமை மிரளுகிறது என்று அப்பா சொல்லிவிட்டதால், மாமா பழகுவதற்குக் காட்டுக்குப் போனார். கரிசல் காட்டில் அப்போது உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தையும் அங்கேதான் இருந்தாள். அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டே வருடத்தில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவளிடம் பேச்சு மிகக் குறைவு. மாமா வேப்பமரத்தடியில் நின்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அத்தை குனிந்த தலை நிமிராமல் செடியைப் பிடுங்கிக்கொண்டே போவாள். அது அவள் காதில் விழவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விழாவில் எலுமிச்சம்பழமும் ஸ்பூனுமாக ஓடும் போட்டியில் எனக்கு முதல் பரிசு. கச்சேரி முடிந்தால்தான் பரிசு கொடுப்பார்கள் என்பதால், கச்சேரி சீக்கிரம் முடிய வேண்டும் என்பது மட்டுமே என் கவலை. கோவில்பட்டி ஆர்கெஸ்ட்ராவிலிருந்து அழைத்து வந்த டிரம்ஸ்காரரும் கீபோர்டுக்காரரும் இரண்டு பக்கமும் உட்கார, மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். பாட்டு ஓரிடத்தில் தொடங்கி எங்கெங்கோ போய், திரும்பி வருவது போல வந்து, மறுபடியும் விலகிப் போனது. சுதி சேர்க்கிறார் என்று நினைத்துக் கூட்டம் பொறுமையாக இருந்தது. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சரி தம்பி, சுதி சேந்துட்டு. பாட்டப் போடுங்க."

கூட்டம் சிரித்தது. விசில் பறந்தது. டிரம்ஸ்காரர் பயந்துபோய்ச் சினிமா குத்துப்பாட்டுக்குத் தாளத்தை மாற்றினார். கீபோர்டும் பின்னாலேயே போனது. இளவட்டங்கள் ஆடத் தொடங்கினார்கள். மாமா வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டு ஓரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பசுவந்தனைக்காரர் அப்பாவிடம், "ஹோட்டல்ல வேலன்னுதான சொன்னிய? பேண்டு செட்டுன்னு சொல்லலியே" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

குத்துப்பாட்டு முடிந்ததும் கூட்டம் மொத்தமும் உறியடி பார்க்க நகர்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை என்னை அழைத்தாள்.

"ஏட்டி, இங்கன வா. ஒங்க மாமா மொத வாசிச்சாவல்லா, அது பாதியில நிக்கி. முடிக்கச் சொல்லு."

"பரிசு குடுக்கணும் அத்தை."

"அது எங்கயும் போவாது. போயிச் சொல்லு."

வேண்டா வெறுப்பாக மேடைக்குப் போய்ச் சொன்னேன். மாமா நிமிர்ந்தார்.

"யாருட்டி சொன்னா?"

கை காட்டினேன். யார் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்ளும் அத்தை அன்றைக்குக் குனியவில்லை. மாமா எழுந்தார். மைக்கை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தார்கள். தாளம் போடவும் ஆள் இல்லை. விட்ட இடத்திலிருந்து பிடித்துக் கடைசிவரை வாசித்தார். கேட்டது அத்தையும், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பந்தல்காரரும், பரிசுக்காக நின்ற நானும்தான். பந்தல்காரர் கேட்டாரா என்பதும் சந்தேகம்தான்.

மறுநாளே பசுவந்தனையிலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். மாமா பம்பாய்க்கு ரயில் ஏறினார். அத்தை முற்றத்தில் உளுந்து புடைத்தபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம் முறிந்து போன வீட்டில் இப்படியும் ஒருத்தி பாடுவாளா என்று எனக்கு வந்த கோபத்தில், அவளிடம் தலை பின்னிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

சித்திரையில் மாமா மறுபடியும் வந்தார். அப்பாவும் அவரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "ஊரு என்னடே பேசும்?" என்ற அப்பாவின் குரல் தெருவரை கேட்டது. அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் அவியகூடப் போறேன் அண்ணே."

கழுகுமலைக் கோயிலில் தாலி கட்டினார்கள். அப்பா வரவில்லை. பல வருடம் பேசவும் இல்லை. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான், யாரிடமும் சொல்லாமல் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பினார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அவர்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போன அன்றைக்கு, புழுதி அடங்கும் வரை அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தைய எதுக்கும்மா கூட்டிட்டுப் போறாவ? மாமா வாசிச்சாக் கேக்க பம்பாயில ஆளே கெடையாதா?"

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"நெறையப் பேரு இருக்காவட்டி. வெயில்ல நிக்காத, வீட்டுக்கு நட."

கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.