மூளைப்பெட்டிக்குள் ஒரு சாளைச் செதிள்

தூபக்கலசம் அசையும்போது எழுகிற சாம்பிராணி வாசத்தில் கோயிலே தலை குனிகிறது. எனக்கு மட்டும் அந்தோணியின் மேசை ஞாபகம் வருகிறது. கம்பியை ஒட்ட அவன் ஈயம் வைக்கும்போது அதிலிருக்கும் பிசின் புகைந்து கிட்டத்தட்ட இதே வாசம்தான் வரும். அந்த வாசத்துக்குள் என் பொறாமை இருக்கிறது. மாதா கேட்ட என் ஜெபமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சேர்த்தே சொல்கிறேன், என்னோடு முழங்காலிடுகிறவர்களே.

நான் மெக்கானிக். முட்டத்துக்குப் போகிற சாலையில் சின்ன ஒர்க்‌ஷாப். 2011இல் என் மனைவி செலினுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரம் இரண்டு தடவை நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்காகவே பழைய கார் ஒன்று வாங்கினேன். அந்த ஆனி மாதம் அது வழியில் நிற்கத் தொடங்கியது.

போகும்போது மட்டும் நிற்கும். திரும்பும்போது நிற்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், யாரோ கழுத்தைத் திருகியதுபோல் அணையும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோல் பம்பை மாற்றினேன். பில்டரை மாற்றினேன். காயிலை மாற்றினேன். செலின் பின்சீட்டில் படுத்திருப்பாள், நான் பானெட்டுக்குள் தலையை விட்டு நிற்பேன். பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்க முடியாத மெக்கானிக்!

"அந்தோணி அண்ணன்கிட்ட காட்டினா என்னவாம்?" என்றாள்.

"அவன் என்ன பெரிய டாக்டரா?"

"டாக்டர்னு நானா சொன்னேன்? நீங்கதான் உறக்கத்திலயும் அந்த அண்ணன் பேரைச் சொல்லித் திட்டுதிய."

அந்தோணியும் நானும் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள். அன்றைக்கு நான் சத்தம் கேட்டே இன்ஜினின் நோயைச் சொல்வேன், அவன் எனக்கு லைட் பிடிப்பான். பிறகு மஸ்கட் போனான். ஸ்கேனரோடு திரும்பி, வெள்ளிச்சந்தையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க்‌ஷாப் திறந்தான். எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று இன்ஜினுக்கு உத்தரவு போடுகிற மூளைப்பெட்டி ஒன்று உண்டு. இசியு என்பார்கள். அதையே பிரித்துச் சரிசெய்கிறான் என்று பேச்சு. என் வாடிக்கைக்காரர்கள் என் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துவிட்டு அவனிடம் போனார்கள். அந்த ஹாரன் குத்தும். அவன் நகத்தில் கிரீஸ் இல்லாதது குத்தும். தலைகூட அவனுக்கு அழகாக நரைத்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாரல் மழையில், வெள்ளிச்சந்தைக்கு முந்தின வளைவில் கார் நின்றது. செலினுக்கு மூச்சு இழுத்தது. அவள் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "மாதாவே, இவளைக் கொண்டு சேர்க்க யாரையாவது அனுப்பு. அந்தோணி மட்டும் வேண்டாம்."

பின்னால் வந்து நின்ற முதல் கார் அந்தோணியுடையது.

மாதா என் ஜெபத்தில் முதல் வரியை மட்டும் கேட்டாள்.

"ஏலே மக்கா, சீக்காளியை உள்ள வச்சுக்கிட்டா வண்டி தள்ளுதே? தூக்குலே அவளை!"

அவன் காரிலேயே போனோம். ஆஸ்பத்திரியில் மெஷின் சுற்றத் தொடங்கி, அவள் மூச்சு சீரானபிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். "நர்ஸ்மாரு பாத்துக்கிடுவாவ. வா, வண்டியைப் பாப்போம்" என்றான் அந்தோணி. கயிறு கட்டி என் காரை அவன் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்தோம்.

ஸ்கேனரைச் சொருகினான். நாலைந்து சென்சார்களில் ஒரே நேரத்தில் பிழை காட்டியது.

"இத்தன பேரும் ஒண்ணாப் பொய் சொல்ல மாட்டானுவ. இவனுவளுக்குக் கரண்ட் குடுக்கிற எடத்திலயாக்கும் கோளாறு."

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் வலித்தது.

இடதுபக்க முன்சீட்டில், கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இசியு இருந்தது. பிளக்கை உருவினான். தண்ணீர் சொட்டியது. மூடியைத் திறந்தான். உள்ளே பாசிபோலப் பச்சைக் களிம்பு. அதன் நடுவில் மின்னியது ஒரு சாளை மீன் செதிள்.

கடற்கரைக்காரர்கள் நாம், ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் கடியப்பட்டணம் மீனை உப்பும் ஐஸும் போட்டுப் பையில் கட்டி, ஆளில்லாத அந்த முன்சீட்டின் கீழேதான் வைப்பேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் முன்னால் ஓடி, பெட்டியை நனைத்திருக்கிறது. மீனை இறக்கிவிட்டால் ஈரம் வடிந்து, திரும்பும்போது வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது. அன்றைய மீனும் அங்கேதான் இருந்தது.

"ஏலே, ஒனக்க வண்டி பெட்ரோலுக்கா ஓடுது? மீன்கறி கேக்குதுலே!"

பல் விளக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துக் களிம்பைத் தேய்த்தான். உப்பு தின்றுவிட்ட இடத்தில் தலைமுடி போன்ற கம்பியை வைத்து ஈயம் வைக்கக் குனிந்தான். "லைட்டைப் பிடிலே" என்றான்.

பிடித்தேன். நடுங்காத அந்த விரல்களை வெறுத்துக்கொண்டே, அவை நடுங்கிவிடக் கூடாதே என்று ஜெபித்துக்கொண்டே பிடித்தேன். அப்போதுதான் அந்தப் புகை எழுந்தது.

பெட்டியை உலரவைத்து, தரையை விட்டு உயர்த்திப் பொருத்தினான். இன்ஜின் கிளம்பியது. அணையவே இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அவன் செலினிடம் செதிள் கதையைச் சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதக்கணக்காக நான் கெஞ்சியும் வராத சிரிப்பு. அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் காரில் ஏறி, என் வீட்டுக்குத்தான் வந்தது. இதை எழுதும்போதும் பக்கத்தில் இருந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள். மாதாவே, உனக்கு நன்றி.

இப்போது இசியு வேலை வந்தால் நானே அவனிடம் அனுப்புகிறேன். ஓய்வு கிடைத்தால் அவன் மேசையருகே உட்கார்ந்து படிக்கிறேன். பொறுமையாகச் சொல்லித் தருகிறான். அதுவும் கொஞ்சம் குத்துகிறது.

உங்களில் யாருக்காவது பக்கத்து வீட்டுக்காரன்மேல் நெஞ்சு எரிந்தால், எரிச்சல் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற நெஞ்சோடே மாதாவிடம் வந்து கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.

அன்று கிளம்பும்போது அந்தோணி கார் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தான்.

"இனிமே மீனை டிக்கியில வையி, கேட்டியா?"

"வைக்கேன்."

"அக்காளுக்கு ஒரு பொதி. எனக்க வீட்டுக்கு ஒரு பொதி."

"ஒனக்கு முள்ளுதாம்லே தருவேன்" என்றேன்.