ஆஸ்லோவில் கேட்ட ஆறுதல்

ஆஸ்லோவில், புருசெத் பக்கம் ஓர் இலங்கைத் தமிழர் உணவகம். வேலை முடிந்து நேரே இங்கே வருவதாகச் சொன்ன மகனைக் காணவில்லை. என் கைப்பேசி இந்த ஊரில் வேலை செய்யாது. இடியப்பத்தை வைத்துவிட்டுப் பரிமாறும் பெண் சொல்கிறார்: "மகன் இப்பதான் கடைக்கு ஃபோன் எடுத்தவர். நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ, அம்மா."

எங்கள் மதுரையில் இழவு வீட்டில்தான் ஆறுதல் சொல்வார்கள். எழுந்து நிற்கிறேன். "அவனுக்கு என்னம்மா ஆச்சு? மறைக்காம சொல்லு!"

அவர் திகைக்கிறார். "ஐயோ, ஒண்டும் இல்லை! ரயில் பிந்துதாம். எங்கட ஆக்களுக்கு ஆறுதலா எண்டா மெதுவா எண்டுதான் அர்த்தம்."

புரிகிறது. ஆனாலும் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பனி படிந்த தொப்பியோடு மகன் உள்ளே வந்ததும் ஓடிப்போய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். "என்னம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று நெளிகிறான்.

பார்க்கட்டும்.