ரோஸ் மூடிக்குப் பின்னால் ஒரு கை

ஸர்கா என்ற அரபு நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் உம் லைத், தண்ணீர் பாட்டில் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவர். போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவருடைய இடது கை வீங்கிப்போனது. பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டதற்கு, காலி இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்ததும் அதே கம்பெனி பாட்டில்களுக்கு ரோஸ் நிற மூடி போட்டு, விலையையும் ஏற்றியது. நோயாளிகளுக்கு ஒரு காசு போகவில்லை. விளம்பரப் படத்துக்கு மட்டும் உம் லைத் வேண்டுமாம்!

"சிரிங்க உம் லைத். அந்தக் கையைப் பெட்டிக்குப் பின்னால மறைச்சுக்கோங்க," என்றான் மேனேஜர் ஃபவ்வாஸ்.

"ஏன் உஸ்தாத், இதைப் பார்த்தா ஜனங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

"பயந்துடுவாங்கம்மா. நாம நம்பிக்கையை விக்கிறோம்."

"தாராளமா வித்துக்கோங்க. எனக்கு ஒரு நாற்காலி குடுங்க, போதும்."

வீங்கிய கையைத் தூக்கிப் பெட்டியின் மேலேயே வைத்தார். "எடுக்கிறதுன்னா இதோட எடுங்க."

எடுக்கவில்லை. நோயே வராத ஒரு நடிகையை அழைத்து வந்து சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்பு ஒட்டிய பெட்டிகளை உம் லைத் தான் இன்றும் லாரியில் ஏற்றுகிறார், அதே கையால்.