முதல் கட்டத்தில் நின்ற வின்ஸ் ஹாலம்

வின்ஸ் ஹாலம் கூரைக்கு ஓடு போடுகிறவன். இங்கிலாந்தின் டார்பிஷயர் பக்கத்துக் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் மூன்று மாடி உயரத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு ஆணி அடிப்பான், கால் ஆடாது. அதே கால் ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் மிதியில் ஏறினால் போதும், தையல் மிஷின் ஊசி மாதிரி ஆட ஆரம்பித்துவிடும்.

அவனும் அவன் பெண்டாட்டி லொரேனும் ஆளுக்கொரு சின்னப் பந்தயக் கார் வைத்திருந்தார்கள். கதவு கிடையாது, மேல்மூடி கிடையாது. உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தரை தட்டும். நாலு ஆள் பிடித்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். "ஊருக்கெல்லாம் கூரை போடுறவன், சொந்த வண்டிக்குக் கூரை வாங்க வக்கில்ல பாரு" என்று ஸ்டப்ஸ் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். ஸ்டப்ஸ் கறிக்கடைக்காரன். இதே பந்தயத்தில் ஓட்டுகிறவன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

ஓடுகிற வண்டியில் வின்ஸுக்குப் பயமே இல்லை. வளைவில் யாரோடு வேண்டுமானாலும் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போவான். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற அந்த ஒரு கணம்தான் அவனுக்கு எமன்.

வண்டி லேசாக இருப்பதுதான் வினை. டயரைத் தரையில் அழுத்திப் பிடிக்க எடை இல்லை. இஞ்சினைக் கூடுதலாக முறுக்கிவிட்டுக் கிளட்ச்சை விட்டால் சக்கரம் சோப்பில் கால் வைத்த மாதிரி வழுக்கிச் சுற்றும், வண்டி நகராது. குறைவாக முறுக்கிவிட்டால் இஞ்சின் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றில் இஞ்சினைப் பிடித்து வைத்து, கிளட்ச் இஞ்சினைக் கடித்துப் பிடிக்கிற இடம் வரைக்கும் சட்டென்று காலை எடுத்து, அங்கே ஒரு மூச்சு பிடித்து, பிறகு விட வேண்டும். பயந்தவன் மெள்ள மெள்ள விடுவான். மெள்ள விட்டால் நின்றுவிடும். நின்றுவிடுமே என்று பயப்படுகிறவன்தான் நிறுத்தவும் செய்வான். இது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

போன வருஷம் அப்படித்தான் நின்றான். நடு வரிசை, மழை. இஞ்சின் செத்ததும் வழக்கப்படி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். பின்னால் வருகிறவர்களுக்கு 'நான் நகரவில்லை, ஒதுங்கிப் போ' என்று சொல்ல வேறு வழி கிடையாது. ஒன்பது வண்டி ஒதுங்கிப் போயிற்று. பத்தாவது போகவில்லை. முதுகெலும்பில் விரிசல், கழுத்தில் பட்டை, கோடைகாலம் முழுக்கக் கூரை ஏற முடியவில்லை. இடித்தவன் நல்லவன்தான், ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு வந்து அழுதான். அவனுக்கும் கணுக்கால் நொறுங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவன் வண்டி ஓட்டவே இல்லை. வின்ஸ் ஓட்டினான், கடைசி வரிசைகளில்.

அந்த ஞாயிறு காலை, பந்தயத்தில் யார் எந்த இடத்தில் நிற்பது என்று முடிவுசெய்ய நேரம் எடுக்கும் ஓட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு சுற்றில் தளம் காய்ந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே சலித்து உள்ளே வந்துவிட்டார்கள். வின்ஸ் மட்டும் வெளியே இருந்தான். பலகையில் பேர் வந்தபோது முதல் இடம் அவனுக்கு. வாழ்க்கையில் முதல் தடவை.

மூன்றாவது இடம் லொரேனுக்கு. இரண்டிரண்டாக நிற்கிற வரிசையில் அதாவது அவனுக்கு நேர் பின்னால்.

பேக்கன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா மச்சான், பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? முதல் இடம்டா!" என்று ஸ்டப்ஸ் முதுகில் அறைந்தான். "நீ அங்கேயே நின்னாலும் பரவால்ல. லொரேன் உன்னை முட்டித் தள்ளிக்கிட்டே முதல் வளைவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுருவா."

"வாயை மூடுடா," என்றான் வின்ஸ். ரொட்டி இறங்கவில்லை.

வேனுக்குப் பின்னால் லொரேன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "என்னைப் பத்தி நினைக்காதே."

"நான் எதுவும் நினைக்கல."

"நினைக்கிற. மூஞ்சி புளிச்சுக் கிடக்கு. ரேஸுக்கு முந்தின பச்சைக்கொடிச் சுற்றுக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை கிளம்பிப் பார்த்துக்கோ. ரெண்டாவது தடவை வேண்டாம், கிளட்ச் சூடாயிடும். விளக்கைப் பாரு, போ. அவ்வளவுதான்."

"நின்னுட்டா?"

"நின்னா நான் ஒதுங்கிப் போவேன்."

"எந்தப் பக்கம்? வலது பக்கம் சுவரு. இடது பக்கம் ரெண்டாம் இடத்துக்காரன்."

லொரேன் கயிற்றில் இன்னொரு முடிச்சு போட்டாள்.

பச்சைக்கொடிச் சுற்றுக்குக் கிளம்பும்போது வின்ஸ் அவள் சொன்னபடி ஒரு தடவை செய்தான். நன்றாகவே வந்தது. அதோடு விட்டிருக்கலாம். பின்பக்கத்து நேர்ப்பாதையில் எல்லோரும் வண்டியை வளைத்து வளைத்து டயரைச் சூடேற்றிக்கொண்டு போனபோது, அவன் வேகத்தைக் குறைத்து, ஏறக்குறைய நிறுத்தி, இன்னொரு தடவை கிளம்பிப் பார்த்தான். பிறகு இன்னொன்று. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவன் கதை. கண்ணாடியில் லொரேனின் ஹெல்மெட் இடமும் வலமுமாக ஆடியது. கோபத்தில் தலையை ஆட்டுகிறாள் என்று தெரிந்தது.

கட்டத்தில் வந்து நின்றான். அவனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தார்ப்பாதையும் வானமும். எப்போதும் யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டே கிளம்பினவனுக்கு அந்த வெறுமையில் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கிற சத்தம். மிதியை அமுக்கி முதல் கியரைப் போட்டான். கடிக்கிற இடத்தைத் தேடிக் காலைக் கொஞ்சம் எடுத்தான். வழக்கமான இடத்தில் இல்லை. இன்னும் தேடினான். தரையோடு ஒட்டிக் கிடந்த மாதிரி இருந்தது. இல்லை, கால் நடுங்குவதால் அப்படித் தோன்றுகிறதோ? கிளட்ச்சா, காலா? மறுபடி அமுக்கினான். வண்டி ஒரு விரற்கடை முன்னே நழுவியது. பிரேக்கை மிதித்தான்.

கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் லொரேனின் வண்டி மூக்கும் அதற்கு மேலே அவளுடைய இரண்டு கையுறையும். அவள் எவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருக்கிறாள்! அவளுக்கு முன்னால் இருப்பது அவனுடைய சக்கரத்தின் முதுகு. அதற்கு மேலே சிவப்பு விளக்குப் பலகை. விளக்கு எரிந்து அணைந்தால் போவாள். விளக்கைப் பார்க்கிறவள் சக்கரத்தைப் பார்ப்பாளா?

கடைசி வரிசையில் பச்சைக்கொடி அசைந்தது. எல்லாரும் நின்றாயிற்று என்று அர்த்தம். இனி விளக்குதான்.

வின்ஸ் கையைத் தூக்கினான்.

ஒரு கை இல்லை, இரண்டும். சுவர்மேல் நின்ற ஆள் மஞ்சள் கொடியை வீசினான். விளக்கு வரவில்லை. ஒவ்வொரு இஞ்சினாகச் சத்தம் தாழ்ந்தது. ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் மூன்று பேர் ஓடிவந்து அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் வயதானவர் குனிந்து, "என்னப்பா?" என்றார்.

"கிளட்ச்," என்றான் வின்ஸ்.

முதல் கட்டம் காலியாகவே இருக்க, மற்றவர்கள் இன்னொரு சுற்று போய் வந்து கிளம்பினார்கள். லொரேன் காலியான கட்டத்தின் வழியாக அம்பு மாதிரி போனாள். அவன் பக்கவாட்டுச் சந்திலிருந்து எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பி, கடைசியாகவே முடித்தான். ஓட்டம் முழுக்கக் கிளட்ச் ஒரு குறையும் வைக்கவில்லை.

லொரேன் மூன்றாவதாக வந்திருந்தாள். கோப்பையை வேனுக்குள் எறிந்துவிட்டு நேராக அவன் வண்டிக்கு வந்தாள். உள்ளே இறங்கி உட்கார்ந்து மிதியை மூன்று தடவை அமுக்கி விட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் தேநீர்க் குடுவையைத் திறக்கத் தெரியாதவன் மாதிரி திருகிக்கொண்டிருந்தான்.

தூரத்தில் ஸ்டப்ஸ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. "வர்றோம்டா! அந்தக் கிளட்ச்சுக்கு அஞ்சலி செலுத்த வர்றோம்!"

லொரேன் இறங்கினாள். இஞ்சின் மூடியைத் தூக்கினாள். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கிளட்ச் கம்பியின் நட்டை இரண்டு திருகு தளர்த்திவிட்டு, ஸ்பேனரை மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டப்ஸ் வந்து பெரிய பாதத்தை உள்ளே விட்டு மிதியை அமுக்கினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "அடப்பாவி, தரையைத் தொடுதே! இதை வச்சுக் கிளம்பியிருந்தா கொத்துக்கறிதான். நல்லவேளை தூக்கின கண்ணு."

"அதான் தூக்கினேன்," என்றான் வின்ஸ். காது சிவந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு லொரேன் ஸ்பேனரை நீட்டினாள்.

"ஏன் அப்படிப் பண்ணின?" என்றான்.

"வாரம் பூரா அவன் கறிக்கடையில வச்சு இதையே பேசுவான். நான் போய்க் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?" குரல் தாழ்ந்தது. "எனக்காகத் தூக்கின. தெரியும். இன்னொரு தடவை எனக்காகத் தூக்காதே. நான் அங்க உட்காந்து எல்லாம் சரியாத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். உன் பின்சக்கரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், விளக்கை இல்ல."

வின்ஸ் ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

"மதியத்து ரேஸுல கடைசி வரிசை உனக்கு. பின்னால புல்லுதான் இருக்கு. நட்டை ஏத்திக்கோ. நாலாயிரத்து ஐந்நூறு."

அவன் மண்டியிட்டு ஸ்பேனரை நட்டில் மாட்டினான். மாட்டினவன் நிறுத்தினான்.

"மதியம் உனக்கு நேர் பின்னால யாரு?"

"ஸ்டப்ஸ்."

"அவன் எங்கடி விளக்கையோ சக்கரத்தையோ பார்க்கிறான்? அவன் பாட்டுக்கு..."

"வின்ஸ்," என்றாள் லொரேன். "திருகு."

அவன் திருகினான்.