இருபத்தைந்துக்குப் பதினெட்டு

எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க்கில் இருபத்தைந்துக்குப் பதினெட்டைத் தாண்டி யாருக்கும் போடமாட்டார். "மார்க்க அள்ளி வுட்டா அதுக்கு என்னம்மா மரியாத?" என்பார். அந்தப் பதினெட்டை வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். பெரும்பாலான தாள்களில் அதை வாங்கியவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் பஸ்ஸில் என்னோடு ஒரு தோழி வருவாள். தனியார் கல்லூரி, அதே பி.எஸ்சி. இயற்பியல். குவாண்டம் மெக்கானிக்ஸ் என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். வழியெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அவள் கல்லூரியில் எல்லாருக்கும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று போடுவார்கள். "உங்க காலேஜ்ல அட்டெண்டன்ஸ்ல பேரு இருந்தாலே மார்க்குடி" என்று ஓட்டுவேன். அவளும் சிரிப்பாள்.

கடைசி செமஸ்டர் முடிவு வந்ததும் துறையில் நான்தான் முதலிடம். எம்.எஸ்சி.க்குப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். வேறு கல்லூரிகளுக்கும் போடட்டுமா என்று துறைத் தலைவர் சாரிடம் கேட்டேன். "டிபார்ட்மென்ட் ஃபர்ஸ்ட்டு நீ, உனக்கு எதுக்கும்மா நாலு எடம்?" என்றார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. என் அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் என் போட்டோவோடு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டு, சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம், "பாப்பா யுனிவர்சிட்டிக்குப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வானவர்கள் பட்டியலில் நான் இல்லை.

மொத்த சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். எந்தக் கல்லூரியில் எப்படி மார்க் போடுவார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. தோழிக்குச் சீட்டு கிடைத்திருந்தது. போனில் சந்தோஷப்படாமல் அழுதாள். "நீ இல்லாம நான் எப்டிடி பாஸ் பண்ணுவேன்?" என்றாள். அவள் மேல் கோபமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். வயிறு எரிந்தது.

அடுத்த வருடம் போட்டாலும் அதே மார்க்தான். ஃபெயிலானவன் அரியர் எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம். பாஸானவளுக்கு இன்டர்னலை மறுபடி எழுத வழியே இல்லை. மற்ற இடங்களில் அட்மிஷன் முடிந்துவிட்டிருந்தது. அப்பா விடிவதற்குள் தானே போய் ஃபிளெக்ஸைக் கழற்றி எடுத்துவந்து ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டார். எனக்குச் சீட்டு போனதைவிட, அவர் சந்தைக்குப் போவதை நிறுத்திக்கொண்டதுதான் தாங்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன மாதம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். முடி நன்றாக நரைத்திருந்தது.

"இப்பல்லாம் நாங்களும் தாராளமா போட்டுர்றம்மா. உனக்குச் சீட்டு கெடைக்காம போச்சில்ல, அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. இந்த வருசம் நம்ம பசங்க நெறைய பேரு எம்.எஸ்சி. போயிருக்காங்க. எல்லாம் உன்னாலதான்."

"சந்தோசங்க சார்" என்றேன்.

அவர் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீசுலியே உன்ன மாதிரி படிச்ச பொண்ண நான் பாத்ததில்லம்மா" என்றார்.

இதை எந்த ஆபீசில் கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அத்தனை பேர் பார்க்க, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.